மொத மேஜை

ஏம்மா, மடியில வச்சிருக்கியே, அது லேப்டாப்புதானே? தப்பா நெனச்சுக்காத, சும்மா கேட்டேன். அதுல என்ன போட்டிருக்கே, விண்டோஸா, லினக்ஸா? சிரிக்காத. கூடையும் டிபன் கேரியருமா பஸ்ல வர்ற பொம்பளை லினக்ஸ்னு சொன்னா சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனா எனக்கு அதைப் பத்தி நெறயத் தெரியும். தெரிஞ்சுக்கணும்னு நான் ஆசைப்படல. ஒருத்தி வந்து தெரிய வச்சா.

நான் முசிறி கைகாட்டில எறங்கணும். இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும். நீ அதுக்கும் அங்கிட்டா? அப்ப சரி, கேளு. யார்கிட்டயாவது சொல்லலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுடும்.

என் பேரு செண்பகவல்லி. பதிவு ஆபீசுக்கு எதிர்த்தாப்ல பத்திரம் எழுதுற கடைங்க வரிசையா இருக்கும்ல, அதுல ஒரு கடையில டைப் அடிக்கிறேன். இருவத்திரண்டு வருஷம். எங்க முதலாளி பேரு சுப்பராயலு, ஆனா ரைட்டர் சார்னாதான் ஆளுங்களுக்குத் தெரியும். கிரயம், தானம், விடுதலை, அடமானம், உயில், எதை வேணா கேளு, நான் கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன். நெலத்துக்கு நாலு பக்கத்து எல்லை எழுதுறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நான் அடிச்ச பத்திரம் ஒண்ணுகூட வழக்குக்குப் போனதில்ல. அதனால எனக்குக் கைராசிக்காரின்னு பேரு. நானா சொல்லிக்கல, பார்ட்டிங்க சொல்றது. அவ்வளவு தூரம் எலந்தக்குட்டைலேருந்து வர்றவங்ககூட, செண்பகம்மா கையால அடிச்சாத்தான் ஆச்சுன்னு வெயில்ல காத்துக்கிட்டு நிப்பாங்க.

எங்க கடையில மூணு மேஜை. மொத மேஜை வாசலை ஒட்டி. வர்ற பார்ட்டி எல்லாம் மொதல்ல அங்கதான் உக்காருவாங்க, அங்கதான் வெவரம் சொல்லுவாங்க. அது என் மேஜை. ரைட்டர் சார் உள்ளேருந்து கூப்பிட்டாருன்னா மொத மேஜைக்குத்தான் காது கேக்கும். டீக்காரர் வந்தா மொத கிளாஸ் மொத மேஜைக்குத்தான். சாரோட பொண்ணுக்கு மாப்பிள்ளை போட்டோ வந்தப்பகூட, அவங்க வீட்டம்மாகிட்ட காட்டுறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டி, எப்படிம்மா இருக்கான் பையன்னு கேட்டாரு. மூக்கு கொஞ்சம் பெருசா இருக்கு சார்னேன். அந்த எடமே வேண்டாம்னுட்டாரு. அப்படி இருந்தேன் நான்.

இதை எல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நான் பொறாமைக்காரின்னு நீ நெனச்சிடக் கூடாது. எனக்குப் பொறாமையே கிடையாது. யாரு நல்லா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னு நெனக்கிற ஆளு நான்.

போன சித்திரையில அவ வந்தா. சங்கவின்னு பேரு. பிசிஏ படிச்சவளாம். ஒல்லியா, ஒரு கறுப்புப் பையை முதுகுல மாட்டிக்கிட்டு, வணக்கம் அக்கான்னு வந்து நின்னா. மூணாவது மேஜை குடுத்தாரு சார். ரெண்டாவது மேஜையில சண்முகவடிவுன்னு ஒரு அம்மா, அது வாரத்துல மூணு நாள் வரும், வாயே தொறக்காது. அதை விடு.

வந்த மொத வாரம் நான் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தேன். பழைய பத்திரத்தை எடுத்து, பேரையும் சர்வே நம்பரையும் எல்லையையும் மாத்தி, வேற பேருல சேமிக்கணும்னு சொன்னேன். எங்க வேலையே அதானேம்மா, யாரு புதுசா எழுதுறா? என் கம்ப்யூட்டர்ல மாடல் பத்திரம் மட்டுமே ஆயிரத்துச் சொச்சம் இருக்கும். எல்லாம் நான் ஒண்ணு ஒண்ணா சேத்தது.

அவ அதைப் பாத்துட்டு, "அக்கா, இதுக்கெல்லாம் ஒரு காப்பி எடுத்து வேற எடத்துல வச்சிடட்டுமா?"ன்னு கேட்டா.

எப்படி இருக்கும் எனக்கு? வந்து அஞ்சு நாள் ஆகல, என் இருவத்திரண்டு வருஷத்தையும் காப்பி எடுக்கப் பாக்குறா. "ஒண்ணும் வேண்டாம், அது எங்கயும் ஓடிப் போகாது"ன்னு சொல்லிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் வைரஸ் வந்துடுச்சு. எங்களுக்கு அது புதுசில்ல. பார்ட்டி பட்டாவை பென்டிரைவ்ல கொண்டாருவான், சொருகுவோம், எல்லாக் கோப்பும் அம்புக்குறி போட்ட சின்னப் படமா மாறிடும், தொறந்தா ஒண்ணும் இருக்காது. சர்வீஸ் பண்றவருக்குப் போன் போடுவோம். அவரு வருவாரு, ஃபார்மேட் பண்ணிட்டுப் போவாரு. மழை வந்தா குடை பிடிக்கிற மாதிரி, எங்களுக்கு அது பழக்கம். என் கம்ப்யூட்டர்ல ஆன்டிவைரஸ் இருக்கு. தினம் காலையில செகப்பா ஒரு கட்டம் வந்து, புதுப்பிக்கணும் புதுப்பிக்கணும்னு நச்சரிக்கும். நான் பெருக்கல் குறியை அமுக்கி மூடிட்டு, மானிட்டருக்கு ஒரு குங்குமப் பொட்டு வச்சிட்டு வேலையை ஆரம்பிப்பேன். சும்மா சொல்லக் கூடாது, மத்த ரெண்டுலயும் வரும், என்னுதுல வந்ததில்ல.

அன்னைக்கு வந்தது சண்முகவடிவு கம்ப்யூட்டர்ல. சர்வீஸ்காரரு ஊர்ல இல்ல. சங்கவி எழுந்து போய் பாத்துட்டு, நேரா சார் ரூமுக்குப் போனா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம! நான் மொத மேஜையில உக்காந்திருக்கேன், என்னைத் தாண்டிப் போறா!

காது குடுத்துக் கேட்டேன். கதவு தொறந்துதான் இருந்துச்சு.

"சார், நம்ம விண்டோஸ் முறையா வாங்கினது இல்ல. யாரோ திருட்டு சிடியில போட்டுக் குடுத்தது. அப்டேட் வராது. கதவை வச்சிட்டு தாழ்ப்பாள் போடாம இருக்கிற மாதிரி சார். ஒண்ணு முறையா வாங்கிடுங்க, இல்லன்னா லினக்ஸ் போட்டுக்கலாம். அது எல்லாருக்கும் இலவசம்."

"லினக்ஸ்ல வைரஸே வராதாம்மா?"

"வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன் சார். ரொம்பக் கம்மி. நமக்கு வர்ற வைரஸ் எல்லாம் விண்டோஸுக்குன்னே எழுதினது, அது இங்க ஓடாது. புதுசா எதை உள்ள விடணும்னாலும் பாஸ்வேர்டு கேக்கும். எதைப் போட்டாலும் காப்பி எடுத்து வைக்கணும் சார், அதுதான் முக்கியம்."

"நம்ம தமிழ் ஃபாண்ட் எல்லாம் வேலை செய்யுமா?"

"நான் போட்டுப் பாத்துட்டேன் சார். செய்யுது."

பாத்தியா, முன்னாடியே போட்டுப் பாத்துட்டாளாம். சார் என்ன சொல்லணும்? செண்பகத்தைக் கேக்குறேன்னு சொல்லணுமா இல்லையா? இருவத்திரண்டு வருஷமா என்னைக் கேக்காம அவரு ஒரு ஸ்டேப்ளர்கூட வாங்கினதில்ல. அன்னைக்கு, "சரிம்மா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்"னாரு. நீ சொன்னா! எனக்குக் காது ரெண்டும் கொதிச்சுது.

நான் எந்திரிச்சு உள்ள போனேன். "சார், என் கம்ப்யூட்டரை மட்டும் தொடக் கூடாது. அதுக்குன்னு ஒரு ராசி இருக்கு. உள்ள இருக்கிறதை மாத்தினா ராசி போயிடும். பார்ட்டிங்க என்னை நம்பி வர்றாங்க"ன்னேன்.

சங்கவி, "அக்கா, ராசி உங்க கைக்குத்தானே, கம்ப்யூட்டருக்கு இல்லையே"ன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா. அந்தச் சிரிப்பு இருக்கே, பல்லு வரிசையா, அழகா... அதை விடு.

சாருக்கு ரெண்டு பக்கமும் பேச முடியல. "சரி, செண்பகத்துது விண்டோஸாவே இருக்கட்டும். மத்த ரெண்டுக்கும் லினக்ஸ் போடு. வைகாசி முடியட்டும், முகூர்த்தம் எல்லாம் கழியட்டும். எது மக்கர் பண்ணாம ஓடுதோ அதையே மூணுக்கும் போட்டுடலாம். அதுல நல்லா வேலை தெரிஞ்சவங்க மொத மேஜையில உக்காரட்டும், வர்ற ஆளுக்கு வெவரம் சொல்ல வசதியா இருக்கும்"னுட்டாரு.

மொத மேஜை! அந்த மனுஷன் சாதாரணமாத்தான் சொன்னாரு, பொருளை எடம் மாத்துற மாதிரி. அன்னைக்கு வீட்டுக்குப் போயி சோறு எறங்கல. எங்க வீட்டுக்காரரு, "மேஜைதானே, எந்த மேஜையா இருந்தா என்ன, சம்பளம் ஒண்ணுதானே"ன்னாரு. ஆம்பளைங்களுக்கு இது எங்க புரியும்?

வைகாசி பொறந்துச்சு. முகூர்த்த நாள்ல எங்க தெருவை நீ பாத்திருக்கணும். நிக்க எடம் இருக்காது. நல்ல நாள் பாத்துத்தானே நெலம் வாங்குறாங்க. எனக்கும் வேலை சரியா இருந்துச்சு, அவளுக்கும் சரியா இருந்துச்சு. ஆனா ஒண்ணு கவனிச்சேன். டீக்காரர் நேரா உள்ள போயி, மூணாவது மேஜையிலேருந்து டீயை ஆரம்பிச்சு, வெளிய வர்றப்ப எனக்குக் குடுக்குறாரு. ஆறிப்போன டீ. கேட்டா, "அந்தப் பாப்பாதான் கிளாஸை எடுத்து வச்சிருக்கும், அதான்"ங்கிறாரு. சாரும் ஃபேனைத் திருப்பி வைக்கச் சொன்னாரு, அவ பக்கம் புழுக்கமா இருக்காம். எனக்குப் புழுங்காதா? ஒரு பார்ட்டி என் முன்னாடி உக்காந்துக்கிட்டே, "அந்தப் பொண்ணு வேகமா அடிக்குதே"ன்னாரு. நான் எல்லையில ஒரு சர்வே நம்பரைத் தப்பா அடிச்சுட்டேன் அன்னைக்கு. இருவத்திரண்டு வருஷத்துல மொதத் தடவை. நல்லவேளை, அவதான் பாத்து சொன்னா. அது இன்னும் எரிச்சல்.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, அந்த லினக்ஸுக்கு ஒரே ஒரு தடவை வைரஸ் வந்துட்டாப் போதும். ஒரே ஒரு தடவை. அவ வாயை மூடிக்குவா, சாருக்கும் புத்தி வரும். நான் என்ன, அவ குடியைக் கெடுக்கவா நெனச்சேன்? ஒரு வைரஸ். ஊர்ல எல்லாருக்கும் வர்றது.

என்கிட்ட ஒரு பென்டிரைவ் இருக்கு. அதுல பக்திப் பாட்டும், என் பொண்ணு சீமந்தத்துக்கு எடுத்த போட்டோவும் இருக்கும். அதை எடுத்துக்கிட்டு ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்க எதைச் சொருகினாலும் வைரஸ் வரும்னு எங்க தெருவுக்கே தெரியும். உள்ள போயி அந்தத் தம்பிகிட்ட, "தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கா?"ன்னு கேட்டேன்.

"சத்தியமா இல்லக்கா. நேத்துதான் க்ளீன் பண்ணோம்"னான்.

எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. "கொஞ்சங்கூட இல்லையா?"ன்னு கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாப் பாத்தான். சரி, வந்ததுக்கு ரெண்டு போட்டோ பிரிண்ட் போடுன்னு பென்டிரைவைக் குடுத்தேன். அவன் சொருகின வேகத்துல போட்டோ எல்லாம் அம்புக்குறி படமா ஆயிடுச்சு. அவனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. நான், "பரவால்ல தம்பி, பரவால்ல"ன்னு அவனைத் தேத்திட்டு, ஆசையா வாங்கிக்கிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் சங்கவி டிபன் பாக்ஸ் கழுவப் பின்னாடி போனா. சார் ரூம்ல கண்ணசந்துட்டாரு. சண்முகவடிவு வராத நாளு. நான் போயி அவ கம்ப்யூட்டர்ல சொருகினேன். தொறந்து பாத்தா, உள்ள இருக்கிறது எல்லாம் வெட்ட வெளிச்சமாத் தெரியுது. என் பொண்ணு சீமந்த போட்டோ இருக்கு, அமுக்கினா தொறக்குது, பாட்டு இருக்கு, கூடவே என்னென்னவோ பேருல நாலஞ்சு கோப்பு. அதுதான் வைரஸ்னு புரிஞ்சுபோச்சு. அமுக்கினேன். ஒண்ணும் ஆகல. மறுபடி அமுக்கினேன். ஒரு கட்டம் தொறந்து இங்கிலீஷ்ல கசகசன்னு எழுத்தா வந்துச்சு, அவ்வளவுதான். நாலு தடவை அமுக்கினேன். கல்லு மாதிரி உக்காந்திருக்கு அது.

எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. வைரஸ் சரியில்லையோ? வர்ற வழியில செத்துப்போச்சோ? அப்படி எல்லாம் சாகாதுன்னு இப்பத் தெரியுது, அப்பத் தெரியல. சரி, வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்துடுவோம்னு என் கம்ப்யூட்டருக்கு வந்து சொருகி அமுக்கினேன்.

அடுத்த நிமிஷம் எல்லாக் கோப்பும் மளமளன்னு அம்புக்குறியா மாறுது. எனக்கு ஒரே சந்தோஷம். நல்ல வைரஸ்தான், செத்துப் போகல, நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு நெனச்சேன். அப்புறம்தான் தோணுச்சு, இது என் கம்ப்யூட்டர்.

ஆமா, நல்லாச் சிரி. அன்னைக்கு நான் சிரிக்கல.

அணைச்சேன். போட்டேன். அணைச்சேன். சாயங்காலம் வரைக்கும் தலைவலின்னு சொல்லிட்டு கைப்பட எழுதிக்கிட்டு உக்காந்திருந்தேன். காலையில சரியாயிடும்னு ஒரு நம்பிக்கை. சில நேரம் ஆகுமில்ல. மறுநாள் காலையில ரெண்டு பொட்டு வச்சேன், ஒண்ணு மானிட்டருக்கு, ஒண்ணு கீழ பெட்டிக்கு. பட்டனை அமுக்கினா பாதி வந்து கறுப்பா நின்னுடுச்சு.

அன்னைக்கு வைகாசியிலயே பெரிய முகூர்த்தம். பதினோரு பத்திரம். பதிவு ஆபீசுல பத்தரைக்கு மொத டோக்கன். பார்ட்டி சிங்கப்பூர்லேருந்து வந்தவரு, அன்னைக்கு ராத்திரியே ஃபிளைட். நெலத்தை விக்கிறது அவரோட அக்கா, கட்டில்லேருந்து தூக்கிட்டு வந்து கார்ல படுக்க வச்சிருந்தாங்க. இன்னொரு நாள் அந்த அம்மாவைக் கொண்டார முடியுமா முடியாதான்னே தெரியாது. அந்தப் பத்திரம் என் கம்ப்யூட்டர்ல. மூணு தலைமுறை வாரிசு, ஏழு சர்வே நம்பர், புதுசா அடிச்சா அரை நாள் ஆகும். மணி ஒம்போதே முக்கால்.

சார் வந்து நின்னாரு. ஒண்ணும் திட்டல. "என்னம்மா செண்பகம்"னு மட்டும் கேட்டாரு.

சங்கவி வந்தா. "அக்கா, கொஞ்சம் எந்திரிங்க"ன்னா. என் நாற்காலியில உக்காந்தா. பையிலேருந்து ஒரு பென்டிரைவ் எடுத்துச் சொருகினா. அதுக்குள்ளயே லினக்ஸ் இருக்காம். என் கம்ப்யூட்டர்ல இருக்கிற விண்டோஸை எழுப்பாமலே அதுலேருந்து வேற ஒரு திரை வந்துச்சு. கோப்பு எல்லாம் அப்படியே இருக்கு! ஒண்ணும் போகல. வைரஸ் அதை மறைச்சுத்தான் வச்சிருந்துச்சாம். ஆயிரத்துச் சொச்சம் மாடல் பத்திரமும் வரிசையா நிக்குது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவ ஒண்ணு விடாம எல்லாத்தையும் காப்பி எடுத்தா. பத்தே காலுக்கு சிங்கப்பூர்க்காரரு பத்திரம் பிரிண்ட்ல. பதிவு ஆபீஸ் ஆளுங்க கார்கிட்டயே போயி அந்த அம்மாகிட்ட கைநாட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க.

ஆனா அதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு. பிரிண்ட் போட அவ மேஜைக்குப் போனோமா, கடைசியா தொறந்த கோப்பு எல்லாம் திரையில வரிசையா வருது. அதுல, "சீமந்தம்". என் போட்டோ. நேத்து மத்தியானம் ரெண்டு அஞ்சுன்னு நேரம் போட்டு. கூடவே அந்த வைரஸ் கோப்பு பேரு, நாலு தடவை. அவ பாத்தா. நான் அவ பாத்ததைப் பாத்தேன். சட்டுன்னு அதை மூடிட்டா. என் பென்டிரைவ் என் பெட்டிக்குப் பின்னாடி சொருகினபடியே இருந்திருக்கு, அதை ஏற்கனவே உருவி வச்சிருந்தா போலருக்கு, மேஜைக்கு அடியில என் கையில வச்சு, என் வெரலை மடக்கி விட்டா.

சார், "எப்படிம்மா வந்துச்சு இது?"ன்னு கேட்டாரு.

"பார்ட்டி யாரோ பென்டிரைவ் கொண்டாந்திருப்பாங்க சார்"னா அவ.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேச்சே இல்ல. மூணு கம்ப்யூட்டருக்கும் லினக்ஸ் போட்டாச்சு. எனக்குப் பக்கத்துல உக்காந்து, எது எங்க இருக்குன்னு பொறுமையாச் சொல்லிக் குடுத்தா. ரெண்டு வாரத்துல பழகிடுச்சு. பெருசா ஒரு வித்தியாசமும் இல்லம்மா, மானிட்டருக்குப் பொட்டு வச்சா இதுக்கும் நல்லாத்தான் இருக்கு.

அப்புறம் ஒரு மாசம், அடடா, அந்த மாசத்தை என்னன்னு சொல்றது! மொத மேஜை பத்தி சார் வாயே தொறக்கல. நான் அங்கயேதான் இருந்தேன். டீக்காரர் உள்ள வந்ததும் மொத கிளாஸ் எனக்கு. ஆவி பறக்க. சார் எதுன்னாலும், "செண்பகம், நீ என்ன சொல்றே"ன்னு கேட்டாரு. பிரிண்டர் வாங்குறதுக்குக் கேட்டாரு, காலண்டர் எங்க மாட்டுறதுன்னுகூட கேட்டாரு. ஃபேன் என் பக்கம் திரும்பிடுச்சு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. என்ன இருந்தாலும் அனுபவம் அனுபவம்தான், சார் கண்டுக்கிட்டாருன்னு. அவளைப் பாத்தா பாவமாக்கூட இருந்துச்சு. மூணாவது மேஜையில குனிஞ்சபடி அடிச்சுக்கிட்டே இருப்பா.

ஆனா ராத்திரி படுத்தா ஒண்ணு மட்டும் உறுத்தும். எனக்காக அவ பொய் சொன்னாளே. என்ன பெரிய மனசு! இருவத்திநாலு வயசுப் பொண்ணு என்னைக் காப்பாத்தி விட்டிருக்கா, என்னைக்கு என் மூஞ்சியப் பாத்தாலும் அவளுக்கு அது ஞாபகம் வரும். வேகமா அடிக்கிறவங்கிற பேரு அவளுக்கு. கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்கிற பேரு அவளுக்கு. நல்லவங்கிற பேரும் அவளுக்கே போகணுமா? அதையாவது நான் வச்சுக்கக் கூடாதா? உண்மையை நானே சொல்லிட்டா, சார் என்ன நெனப்பாரு? செண்பகத்துக்கு எவ்வளவு நேர்மை, அந்தப் பொண்ணு பொய் சொல்லிடுச்சேன்னு நெனப்பாரு இல்ல? மாட்டாரா?

போன வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளிச்சு, நேரா சார் ரூமுக்குப் போயிட்டேன். கதவைச் சாத்திட்டே சொன்னேன். "சார், அன்னைக்கு வைரஸ் வந்துச்சே, அது எந்தப் பார்ட்டியும் கொண்டாரல. நான்தான் சார்."

அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "தெரியும்மா"ன்னாரு.

"என்ன சார் தெரியும்?"

"சங்கவி அன்னைக்கு மத்தியானமே சொல்லிடுச்சு. நீ மோர் குடிக்கப் போயிருந்தே. அக்கா பென்டிரைவ்லேருந்து வந்திருக்கு சார், வேணும்னு பண்ணியிருக்க மாட்டாங்க, நீங்க கேட்டா மனசு ஒடிஞ்சுடும், கேக்காதீங்கன்னு சொல்லுச்சு. மொத மேஜையும் அவங்களே வச்சுக்கட்டும், ஆளுங்க அவங்களைத் தேடித்தான் வர்றாங்க, எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்னுச்சு. எதுன்னாலும் அக்காவை ஒரு வார்த்தை கேளுங்க சார்னுச்சு. டீகூட..."

"டீகூட என்ன சார்?"

"அக்காவுக்கு மொதல்ல குடுக்கச் சொல்லுங்க, அவங்க அதைக் கவனிக்கிறாங்கன்னுச்சு."

வேணும்னுதான் பண்ணேன் சார்னு சொல்ல வாயெடுத்தேன். வரல. அதைச் சொல்லத்தானே போனேன், வரல. வெளிய வந்தா டீ வந்து என் மேஜையில இருக்கு. சூடா. நான் பையை எடுத்துக்கிட்டு, காய்ச்சலா இருக்குன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

மூணு நாள் போகல. அவ தினமும் போன் பண்ணா. "அக்கா, கஞ்சி குடிச்சீங்களா? உங்க பார்ட்டி ரெண்டு பேரு வந்து உக்காந்துட்டு, நீங்க வந்தாத்தான் அடிக்கணும்னு திரும்பிப் போயிட்டாங்க. சீக்கிரம் வாங்க அக்கா"ங்கிறா.

இன்னைக்குத்தான் கடைக்குப் போறேன். போகாம என்ன பண்றது, மூணு நாளா வீட்டுல உக்காந்து யோசிச்சாச்சு. அவளைத் திட்ட ஒரே ஒரு வார்த்தை தேடுறேன்ம்மா, கெடைக்கல. திமிருன்னு சொல்லலாம்னா திமிரு இல்ல. நடிப்புன்னு சொல்லலாம்னா நடிக்கிறதுக்கு அவளுக்கு என்ன தேவை? ஒரு கெட்ட குணம் இருந்தாப் போதும், சின்னதா, ஒரு பொட்டு அளவுக்கு. அதை வச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு இருந்துடுவேன்.

கைகாட்டி வந்துடுச்சு, வழி விடும்மா. நீயும் படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. இப்படி ஒருத்தியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எப்படி வேலை பாக்குறது?